இருபத்தொன்றாவது இலை

ஒன்பது வருடமாக நான் ஒரு கொலைகாரியாக இருந்திருக்கிறேன். அதுவும் கோயிலில், பிள்ளையாரின் முதுகுக்குப் பின்னாலேயே. இதை இப்போது சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. அன்றைக்கு அந்தச் சீனத்து அங்கிள் என்னைப் பார்த்துக் கத்தியபோது சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. எனக்கு எதுவானாலும் முதலில் கோபம்தான் வரும், மற்றதெல்லாம் பிறகுதான்.

நான் கிள்ளானில் இருக்கிறேன். தலைநகரில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ரவிக்கை தைக்கும் கடையில் வேலை. காலையில் கொமுட்டர் ரயிலில் போய், மாலையில் அதே ரயிலில் திரும்புவேன். தாமான் என்று சொல்லும் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில், தண்டவாளத்தை ஒட்டி ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. விநாயகர் சதுர்த்தியன்று அங்கே இருபத்தொரு வகை இலைகளால் அர்ச்சனை நடக்கும். அந்த இருபத்தொன்றையும் தேடிப் பறித்து, கழுவித் துடைத்து, தட்டில் வரிசையாக அடுக்கித் தருவது என் பொறுப்பு. கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்புதான், யாரும் தலையில் கட்டவில்லை.

மாவிலை, துளசி, அரளி, மாதுளை எல்லாம் அக்கம்பக்கத்து வீடுகளிலேயே கிடைத்துவிடும். வன்னிக்கும் நொச்சிக்கும் அலைய வேண்டும். வரிசையில் கடைசியாக வரும் இருபத்தொன்றாவது இலை எருக்கு. அதற்கு மட்டும் எனக்குக் கவலையே இருந்ததில்லை. கோயிலுக்குப் பின்னால், வேலிக்கும் லோங்காங் என்று நாங்கள் சொல்லும் பெரிய சாக்கடைக்கும் நடுவில், ஆள் உயரத்துக்கு ஏழெட்டு எருக்கஞ்செடிகள் நின்றன. எருக்கை யாரும் வீட்டில் வைக்க மாட்டார்கள். ‘உன் வீட்டில் எருக்கு முளைக்க’ என்று சபிக்கிற ஜனங்கள் நாம். அதனால் எருக்குக்கு இந்த ஊரில் கோயிலை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

அந்தச் செடிகளைச் சுற்றி எப்போதும் ஒரு வகை வண்ணத்துப்பூச்சி பறக்கும். வறுத்த வெந்தயத்தின் நிறத்தில் இறக்கை, ஓரத்தில் கறுப்பு, அந்தக் கறுப்புக்குள் வெள்ளைப் பொட்டுகள். அவசரமே படாமல் பறக்கும். சாமி கும்பிட வருகிறவர்களிடம், “பாருங்க, பிள்ளையாருக்குச் சேவகம் பண்ண வந்திருக்கு” என்று பெருமையாகச் சொல்வேன். இரண்டு மூன்று வருடமாக அவை குறைந்துகொண்டே வந்தன. புகைமூட்டத்தால்தான் என்று சில நாள் சொல்வேன். புதிதாக வந்த கொண்டோ அடுக்குமாடிகளால்தான் என்று சில நாள் சொல்வேன். என் வாய்க்கு அகப்படாத காரணமே இல்லை.

என் காரியம் வேறு. சதுர்த்திக்கு ஒரு மாதம் இருக்கும்போதே நான் சிவப்பு வாளி ஒன்றில் சவுக்காரத் தண்ணீரைக் கரைத்து எடுத்துக்கொண்டு எருக்கஞ்செடிக்குப் போய்விடுவேன். இலைக்கு அடியில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரிவரியான புழுக்கள் இருக்கும். குச்சியால் ஒவ்வொன்றாகத் தட்டி வாளிக்குள் போடுவேன். எங்கள் குருக்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். முதல் வருடமே என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், “கிழிஞ்ச இலை, பூச்சி அரிச்ச இலை வேண்டாம்மா. முழு இலையா இருக்கணும்.” முழு இலை என்றால் முழு இலை. ஒன்பது சதுர்த்திக்கும் என் எருக்கிலை கடையில் இஸ்திரி போட்டு வாங்கியதைப் போல் இருந்தது.

பத்தாவது வருடம், சதுர்த்திக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் அந்த அங்கிள் வந்தார். காஜாங்கிலிருந்து வருகிறாராம். கழுத்தில் பெரிய கேமரா, தலையில் துணித் தொப்பி, எழுபது வயதிருக்கும். வண்ணத்துப்பூச்சியைப் படம் எடுக்கலாமா என்று பணிவாகக் கேட்டார். தாராளமாக எடுங்கள் என்று சொல்லிவிட்டு நான் என் வாளியை எடுத்தேன். முதல் புழுவைத் தட்டியதும் பின்னாலிருந்து ஒரு அலறல்.

“ஆன்ட்டி! ஜாங்கான்! ஜாங்கான்!”

வேண்டாம், வேண்டாம் என்று மலாயில் கத்துகிறார். நான் பயந்து வாளியைக் கவிழ்த்துக்கொண்டேன். சவுக்காரத் தண்ணீர் முழுக்க என் சேலையில். “என்ன அங்கிள், பாம்பா?” என்று நானும் கத்தினேன். அவர் குனிந்து, தரையில் கிடந்த புழுவை ஓர் இலையில் ஏந்தி எடுத்தார். அதைக் காட்டி, பிறகு மேலே பறந்துகொண்டிருந்த பூச்சியைக் காட்டினார். இதுதான் அது, அதுதான் இது என்று அவர் மெதுவான மலாயில் சொன்னார். இந்தப் பூச்சி எருக்கிலையிலும் அதன் சொந்தக்காரச் செடிகளிலும்தான் முட்டை வைக்கும். புழு அதைத்தான் தின்னும். இலை தீர்ந்துவிட்டால் அடுத்த எருக்கைத் தேடிக் கிளம்பிவிடும், எவ்வளவு தூரமானாலும் போகும், ஓரிடத்தில் தங்குகிற ஜாதி இல்லை என்றார்.

எனக்குத் தெரியாமல் இல்லை. புழுதான் வண்ணத்துப்பூச்சி ஆகும் என்று ஒன்றாம் வகுப்பில் படம் வரைந்து வண்ணம் தீட்டியிருக்கிறேன். ஆனால் அந்தப் புழுதான் இந்தப் பூச்சி என்று ஒரு நாளும் தோன்றவில்லையே! ஒரு கையால் கும்பிட்டுக்கொண்டு மறு கையால் வாளியில் முக்கியிருக்கிறேன். பூச்சி குறைந்துபோனதற்குப் புகைமூட்டத்தைத் திட்டினேனே, புகைமூட்டம் என்ன பாவம் செய்தது? அன்றைக்கு இரவு, தமிழில் அந்தப் பூச்சிக்கு வெந்தய வரியன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று போனில் தேடித் தெரிந்துகொண்டேன். சரியான பெயர்தான்.

மறுநாளிலிருந்து வாளியைத் தொடவில்லை. புழுக்கள் பெருகின. எனக்கு ஒரே சந்தோஷம். வேலைக்குப் போகும் முன் ஒரு பார்வை, வந்ததும் ஒரு பார்வை. இலையில் வட்டமாகப் பல் வைத்து அவை தின்கிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்த அழகைப் பார்த்துப் பார்த்து, சதுர்த்திக்கு இனி நான்கே நாள் என்கிறபோதுதான் ஏறிட்டுப் பார்த்தேன். செடியில் இலையே இல்லை. ஒன்றுகூட இல்லை.

அதே நேரத்தில் கோயில் தலைவரும் பார்த்துவிட்டார். தலைவர் டயர் கடை வைத்திருக்கிறவர், என்னைவிட வயதில் சின்னவர், நல்ல மனுஷன், ஆனால் சிமெண்ட் பைத்தியம். கோயிலைச் சுற்றி மண் தெரிந்தாலே அவருக்குக் கை அரிக்கும். பின்பக்கத்தைச் சமமாக்கி சிமெண்ட் போட்டுவிட்டால் அன்னதானத்துக்குப் பந்தல் போடலாம் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மூட்டைகளைக்கூட வாங்கித் தார்ப்பாயால் மூடி வைத்துவிட்டார். ‘சதுர்த்திக்கு எருக்கிலைக்கு எங்கே போவீங்க?’ என்று மீட்டிங்கில் சண்டை போட்டு நான்தான் தடுத்து வைத்திருந்தேன்.

“என்னக்கா இது, குச்சி மட்டும் நிக்குது?”

“துளிர்க்கும் தலைவரே.”

“எப்போ, அடுத்த சதுர்த்திக்கா? இலைக்காகத்தானே வுட்டு வெச்சோம். இலை இல்லன்னா இந்தப் புதர் எதுக்குக்கா? கொசுக்கு வீடு கட்டிக் குடுக்கவா?”

“இருபத்தொரு இலையும் நான் கொண்டாந்து வைப்பேன்.”

“சரி லா. தட்டில இருபத்தொண்ணு இருந்தா நான் வாயத் தொறக்கல. இல்லன்னா மறுநாள் சிமெண்ட் போட்டுடுவேன். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.”

எங்கிருந்து கொண்டுவர வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அது போதும் எனக்கு. சதுர்த்தி திங்கட்கிழமை. சனிக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு, ஒரு துணிப்பையோடு ரயில் ஏறினேன்.

முதலில் பிரிக்ஃபீல்ட்ஸ். தெரிந்த பூக்கடையில் எருக்கம்பூ மாலை திங்கட்கிழமை காலையில் எத்தனை வேண்டுமானாலும் வரும் என்றார்கள். இலைதான் கிடையாது. “இலைய யாருக்கா கேக்கறா?” என்று பூக்கட்டும் தம்பி என்னை விசித்திரமாகப் பார்த்தான். சரி, இங்கேயும் ஒரு கோயில் இருக்கிறதே என்று இரண்டு சந்து தள்ளியிருந்த கோயிலுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். எருக்கு இருந்தது. இலையெல்லாம் சல்லடை. அடியில் அதே வரிப்புழு, மேலே அதே வெந்தய நிறப் பூச்சி.

கேஎல் சென்ட்ரலில் ரயில் மாறி சாலாக் செலாத்தான் போனேன். அங்கே ஒரு சின்னக் கோயில், மதில் ஓரத்தில் மூன்று செடி. அங்கேயும் அதே கதை. செந்தூலுக்குப் போனேன். ரயில்வேக்காரர்கள் கட்டிய பழைய கோயில் ஒன்று, பின்னால் ஒரே ஒரு பெரிய எருக்கு. அதன் கிளையில் உட்கார்ந்து ஒரு வெந்தய வரியன் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

எரிச்சலில் கத்தியிருப்பேன். கத்தவில்லை. எனக்கு வேறொன்று உறைத்தது. இது நான் வந்த வழிதானே! கிள்ளான், பிரிக்ஃபீல்ட்ஸ், சாலாக் செலாத்தான், செந்தூல் என்று நான் கோயில் கோயிலாக எருக்கைத் தேடி வருகிறேன். எனக்கு முன்னால் இவை இதே வேலையைச் செய்திருக்கின்றன, டிக்கெட் இல்லாமல். இந்த நகரத்தில் எருக்கு கோயிலில்தான் இருக்கிறது. அப்படியானால் இந்தப் பூச்சிக்கு ஊர் என்பதே கோயில்களின் பின்பக்கம்தான். ஒன்றில் இலை தீர்ந்தால் அடுத்தது. நடுவில் எங்கள் கோயிலில் சிமெண்ட் போட்டுவிட்டால் ஒரு ஸ்டேஷனை மூடிய மாதிரி. அந்த வெயிலில், தெரியாத கோயிலின் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். அப்படி ஒரு சந்தோஷம். கூட்டிக்கொண்டிருந்த ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய்விட்டார்.

சிரிப்பு அடங்கியதும் இலை ஞாபகம் வந்தது. அந்தக் கூட்டுகிற ஆள்தான், எதிர் ஃப்ளாட்டில் கீழ்வீட்டில் ஓர் அக்கா வெள்ளெருக்கு வைத்திருக்கிறார் என்று தூரத்திலிருந்தே சொன்னார். போனேன். வெள்ளெருக்கை மட்டும் பிள்ளையாருக்கென்று சிலர் வீட்டில் வளர்ப்பதுண்டு. பெயின்ட் டின்னில் செழிப்பாக ஒரு வெள்ளெருக்கு. செடி முழுக்கக் கொசுவலை போர்த்தி, அடியில் கயிறு கட்டியிருந்தது.

“தர மாட்டேன்” என்றார் அந்த அக்கா, நான் கேட்டு முடிப்பதற்குள். “பூச்சிகிட்டேருந்து காப்பாத்தி வெச்சிருக்கேன். உங்ககிட்ட குடுக்கவா?”

“அக்கா, ஒண்ணே ஒண்ணு. இல்லன்னா எங்க கோயில்ல செடிய வெட்டிட்டு சிமெண்ட் போட்டுடுவாங்க.”

“வெட்றதா? எருக்கையா? பிள்ளையார் கோயில்லயா?” அவருக்கு என்னைவிடக் கோபம் வந்துவிட்டது. “அறிவு கெட்டவனுங்க!” என்று சொல்லிக்கொண்டே கயிற்றை அவிழ்த்தார். ஒன்று கேட்ட எனக்கு ஐந்து இலை பறித்து, பால் வடிந்த இடத்தை ஈரத்துணியால் சுற்றி, “கண்ணத் தொடாதீங்க, பால் பட்டா அவ்ளோதான்” என்று எச்சரித்தும் அனுப்பினார்.

வென்றுவிட்டேன் என்றுதான் திரும்பினேன். சாயங்காலம் கோயிலுக்குப் பின்னால் போய்ச் செடியைப் பார்த்தேன். மொட்டைக் குச்சிகளில் புழுக்கள் மேலும் கீழும் அலைந்துகொண்டிருந்தன. சில வேலிக்கம்பியில் ஏறித் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டித் தேடின. இரண்டு, சிமெண்ட் மூட்டையின் தார்ப்பாயில் ஊர்ந்துகொண்டிருந்தன. பெரிய பூச்சியாக இருந்தால் பறந்து செந்தூல் வரைக்கும் போகும். இதுகள் எங்கே போகும்? பசி என்றால் பசிதானே. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் பாட்டுக்கு வாளியோடு இருந்திருந்தால் இதுகளுக்கு இந்தப் பசியும் இல்லை, எனக்கு இந்த அழுகையும் இல்லை.

பையிலிருந்து ஓர் இலையை எடுத்துக் குச்சியில் செருகினேன். ஐந்தாறு புழு ஓடி வந்து ஏறின. இன்னொன்றைச் செருகினேன். நான்கு இலையும் போனது. ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையாரின் முதுகுப்பக்கம் பார்த்து, “இது உனக்கு. இதையும் குடுத்துட்டா இவங்க எல்லாருக்கும் சேர்த்து சிமெண்ட்தான்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். இலையை ஒரு செம்புத் தண்ணீரில் நிறுத்தி சாமி மாடத்தில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்கிறேன், இலையில் காலணா அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை! அடியில் ஒரு கொழுத்த புழு, வாலை இலையில் ஒட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்குகிறது. என் பைக்குள் எப்படித்தான் ஏறியதோ. என் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. என் வீட்டுக்காரர் டீயைக் குடித்துக்கொண்டே வந்து பார்த்தார்.

“அந்த ஓரத்த அப்படியே கத்திரிச்சு வுட்டுடேன். நீ டெய்லர்தானே?”

“வாய மூடிக்கிட்டு டீயக் குடிங்க.”

கத்தரிக்கோலை எடுத்தும் பார்த்தேன். கத்தரித்தால் இலை பாதியாகிவிடும். புழுவைத் தட்டி எடுக்கலாம் என்றால், கை வரவில்லை. ஒன்பது வருடம் சளைக்காமல் தட்டிய கை அது. அதற்கு இப்போது என்ன வந்ததோ.

திங்கட்கிழமை விடியற்காலையில் புழுவைக் காணவில்லை. அதன் இடத்தில் இளம்பச்சையில் ஒரு கூடு தொங்கியது. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, மேலே தங்கத்தில் புள்ளி புள்ளியாகப் பொட்டுகள். உண்மையான தங்கம்போல் மின்னியது. வேறு வழியில்லை. இருபது முழு இலையையும் இந்த ஓர் ஓட்டை இலையையும் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். கூடு தெரியாதபடி எருக்கிலையைக் கவிழ்த்து வைக்கவில்லை. மறைத்துக் கொடுப்பது எனக்குப் பிடிக்காது.

தலைவர் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குருக்கள் மந்திரம் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். இருபது முடிந்தது. எருக்கிலையைக் காம்பைப் பிடித்துத் தூக்கி நீட்டினேன். குருக்கள் வாங்கினார், ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அடியில் தொங்கியதைப் பார்த்தார். மந்திரம் நின்றுவிட்டது.

“என்னம்மா இது?”

“புழு சாமி. வண்ணத்துப்பூச்சி ஆகப்போவுது. இலைய அதுதான் தின்னுச்சு. நான் தடுக்கல. வேற இலை இல்ல.”

தலைவர் வாயைத் திறக்கப் போனார். குருக்கள் இடது கையைக் காட்டி அவரை நிறுத்தினார். தன் இடுப்பில் இருந்த பட்டு வேட்டியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“அபிஷேகப் பால் கன்னுக்குட்டி வாய் வெச்சது. தேன் தேனீ வாய்லேருந்து வந்தது. நான் கட்டியிருக்கறது புழு நூத்தது. இதெல்லாம் சுவாமிக்கு ஆறது. இது மட்டும் ஆகாதா என்ன?”

மணியடித்து, இருபத்தொன்றாவது மந்திரத்தைச் சொல்லி, இலையைக் கூடு நசுங்காமல் பிள்ளையாரின் தும்பிக்கை ஓரத்தில் சாய்த்து வைத்தார். எனக்குக் கண்ணீர் கொட்டியது. கொட்டிக்கொண்டிருக்கும்போதே கோபமும் வந்தது. இவ்வளவு நியாயம் தெரிந்த மனுஷன் ஒன்பது வருடத்துக்கு முன்னாலேயே இதைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

பூஜை முடிந்தால் இலைகளை மண்பிள்ளையாரோடு சேர்த்து ஆற்றில் கரைப்பது வழக்கம். தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர் தலைவர்தான். வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். “அக்கா, இத எப்படி தண்ணில வுடறது? உசுரு இருக்குல்ல?” என்றார். அவரே ஒரு நூலை எடுத்து, எருக்குப் பக்கத்து ஜன்னல் கம்பியில் இலையைக் கட்டித் தொங்கவிட்டார். சிமெண்ட் பேச்சை அன்றைக்கு அவர் எடுக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

எட்டு நாள் கழித்து, நான் ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தலைவர்.

“அக்கா, கறுத்துப்போச்சுக்கா. செத்துப்போச்சு போல. தெனமும் காலைல வந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எறும்பு வரக் கூடாதுன்னு மஞ்சள்கூடப் போட்டேன்.”

“கறுப்புக்குள்ள ஆரஞ்சா ஏதாச்சும் தெரியுதா?”

“தெரியுது. அக்கா... ஐயோ அக்கா, ஒடையுது! ஒடையுதுக்கா!”

அதற்குப் பிறகு பத்து நிமிடம் அவர் பேசவில்லை, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நான் மெஷினை நிறுத்திவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். முதலாளியம்மா முறைத்தார். முறைக்கட்டும் என்று இருந்துவிட்டேன். கடைசியில், “ரெக்க சுருங்கிப்போயிருந்துச்சு, இப்போ விரியுது. பிள்ளையாரப்பா!” என்றார், டயர் கடை வைத்திருக்கும் அந்த ஆறடி மனுஷன்.

எருக்கு மறுபடி துளிர்த்தது. சிமெண்ட் மூட்டைகள் வீணாகவில்லை. புல் வெட்ட வருகிறவர்கள் தெரியாமல் வெட்டிவிடக் கூடாது என்று எருக்கைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குத் தலைவர் ஒரு சுவர் கட்டிவிட்டார்.

இந்த வருடச் சதுர்த்திக்கு முதல்நாள் இலை பறிக்கப் போனேன். புழு இல்லாத ஓர் இலையாகப் பார்த்துக் கையை வைத்ததுதான் தாமதம், பின்னாலிருந்து ஒரு அலறல்.

“அக்கா! ஜாங்கான்! அடியில முட்டை இருக்கான்னு பாத்தீங்களா?”

தலைவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சுவரைத் தாண்டி வந்தார். இலையைத் திருப்பிப் பார்த்தார். அடியில் ஊசிமுனையளவு வெள்ளையாக ஒரு முட்டை இருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். பத்து வருடமாக இலை பறிக்கிற என்னை! எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கையை எடுத்துக்கொண்டு, வேறு இலை காட்டுங்கள் தலைவரே என்று அவர் பின்னாலேயே போனேன்.